ஆன்டிவைரஸுக்காக லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். விருதுநகரில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து தருகிறேன். 2021-இல் வாங்கிய லேப்டாப். செலரான் என்4020 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பிறகு விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். காலையில் ஆன் செய்தால் நெடுநேரம் எதுவும் நகர்வதில்லை. டேலி திறக்கவே காத்திருக்க வேண்டியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ்' என்று ஒன்று மேலேயே நிற்கிறது. சர்வீஸ் கடையில், "இது டூயல் கோர்தான் மேடம், ஒரு கோரை ஆன்டிவைரஸே சாப்பிட்டுவிடும், உங்களுக்கு மிச்சம் ஒன்றுதான். ஐ5 வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆன்டிவைரஸை நிறுத்தித் தருகிறேன்" என்கிறார்கள். எது சரி? என் அண்ணனின் கடையில் ஐ3-6100 போட்ட பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. அதுவும் டூயல் கோர்தான், ஆனால் வேகமாக ஓடுகிறது. வேலையை அதற்கு மாற்றிவிடலாமா? அடுத்த ஆண்டு மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு டூயல் கோர் லேப்டாப் போதுமா?
- ஒரு வாசகி

பதில்: வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஐ5 இப்போது வேண்டாம். ஆன்டிவைரஸை நிறுத்தவே வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அந்தப் பாதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன்டிவைரஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வாரத்துக்கு ஒரு முறையோ தினமுமோ டிஸ்க்கில் இருக்கிற கோப்புகளைத் துழாவிப் பார்ப்பது. இதை ஸ்கேன் என்கிறோம். இன்னொன்று, நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும், எந்த புரோகிராமை ஓட்டினாலும், அந்த நொடியிலேயே அதைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவது. இது நாள் முழுக்க நடக்கும். டூயல் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர், டூயல் என்றால் அப்படி இரண்டு) போதுமா போதாதா என்ற கேள்விக்கு இந்த இரண்டுக்கும் வேறு வேறு பதில்.

ஸ்கேன் உண்மையிலேயே பின்னணி வேலை. அது ஒரு கோரில் ஓடிக்கொண்டிருக்க, மற்ற கோரில் நீங்கள் டேலி தட்டலாம். இரண்டாவது கோர் இதற்குத்தான் பெரிய உதவி. 2005-இல் இன்டெல் பென்டியம் டியும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2வும் வந்தபோது, டூயல் கோர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு எல்லோரும் சொன்ன உதாரணமே இதுதான்: ஒரு பக்கம் வைரஸ் ஸ்கேன் ஓடும், இன்னொரு பக்கம் நீங்கள் வேலை பார்க்கலாம். அதற்கு முந்தைய ஒற்றைக் கோர் பென்டியம் 4 கணினிகளில் ஸ்கேன் தொடங்கினால் மவுஸே விட்டு விட்டு நகரும். அதைப் பார்த்தவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இரண்டிலிருந்து நான்குக்குப் போகும்போது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்த்தால், அவ்வளவு பெரிய மாற்றம் கிடைப்பதில்லை.

கடைக்காரர் சொன்ன பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் (டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ்' என்று நீங்கள் பார்த்தது இதைத்தான்), நேரம் குறித்து நடத்தும் ஸ்கேனுக்கு பிராசசரில் சராசரியாக 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் இயல்பான அமைப்பு. உங்கள் என்4020-இல் இரண்டு கோர், இரண்டே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). ஆகவே ஐம்பது விழுக்காடு என்பது கணக்குப்படி ஒரு முழு கோர். ஆனால் அது ஸ்கேன் ஓடுகிற நேரத்துக்கு மட்டும்தான். அந்த வரம்பைக் குறைக்கவும் முடியும். விண்டோஸில் கட்டளை தட்டுவதற்கான பவர்ஷெல்லில் ஒரே ஒரு வரி கட்டளை, உங்களுக்குக் கணினி பார்க்கிறவரிடம் "டிஃபெண்டர் ஸ்கேன் சிபியூ வரம்பை 20 ஆக வையுங்கள்" என்று சொன்னால் போதும். ஸ்கேன் முடிய அதிக நேரம் ஆகும், உங்களுக்குத் தொந்தரவு குறையும். நீங்கள் எழுந்து போன பிறகு ஃபேன் சத்தம் கூடினால் அதற்காகப் பயப்பட வேண்டாம். கணினி சும்மா இருக்கும்போது நடக்கிற ஸ்கேனுக்கு இந்த வரம்பு இயல்பாகப் பொருந்தாது, அந்த நேரத்தில் வேகமாக முடித்துவிடப் பார்க்கும்.

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம். உங்கள் காலை நேரத்தைத் தின்பது இதுதான். நீங்கள் டேலி ஐகானைக் கிளிக் செய்ததும் அது பல கோப்புகளைத் திறக்கக் கேட்கிறது. ஒவ்வொரு கோரிக்கையையும் டிஃபெண்டரின் வடிகட்டி இடைமறிக்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பெயர் கேட்டு உள்ளே விடுவது மாதிரி. சோதனை முடியும்வரை டேலி அங்கேயே நிற்கும். இன்னொரு கோர் சும்மா இருந்தாலும் டேலிக்குப் பயனில்லை, ஏனென்றால் டேலி காத்திருப்பது கோருக்காக இல்லை, பதிலுக்காக. எட்டு கோர் இருந்தாலும் அந்த ஒரு கோப்புக்கான பதில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மைக்ரோசாஃப்டும் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறப்பார்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் பெரிய பிராசசர்கள்தான், ஆனாலும் இந்தக் காத்திருப்பு அவர்களையும் விடவில்லை. அவர்களுக்காக 2023-இல் விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்ற தனி டிரைவ் வசதி வந்தது. அதில் டிஃபெண்டர் கோப்பை முதலில் திறக்க விட்டுவிட்டு, பிறகு சோதிக்கும். அந்தக் காத்திருப்புக்கு மருந்து கோர் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. (அது உங்கள் பயன்பாட்டுக்கு உரியதும் இல்லை, போட்டுப் பார்க்க வேண்டாம்.)

அப்படியானால் சோதனைக்கு ஏன் அவ்வளவு நேரம்? கோப்பைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் அதை டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கும் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகலாம். கூட்டிப் பார்த்தால் இப்படிச் சிதறிக் கிடக்கும் இடங்களில் நொடிக்கு அறுபது, எழுபது முறை படிப்பதே அதிகம். காலையில் விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் படிக்கப்படுகின்றன. வரிசை எவ்வளவு நீளும் என்று நீங்களே கணக்கு வல்லவர், போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் வகைச் சேமிப்பான சாதாரண சேட்டா எஸ்எஸ்டி இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். அதில் சுழலும் பாகமே கிடையாது.

இதோடு 4 ஜிபி ரேம் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். டேலி, ஜிஎஸ்டி தளத்துக்காக பிரவுசர், ஒரு எக்ஸெல், வாட்ஸ்அப் எல்லாம் திறந்தால் இடம் தீர்ந்துவிடும். இடம் தீர்ந்ததும் விண்டோஸ் ரேமில் இருப்பதை எடுத்து டிஸ்க்கில் எழுதிவைக்கும், வேண்டும்போது திரும்பப் படிக்கும். எந்த டிஸ்க்? அதே ஹார்ட் டிஸ்க். ஆன்டிவைரஸ் படிப்பதும் அங்கேதான், டேலி படிப்பதும் அங்கேதான், ரேமுக்குப் பதிலாக எழுதுவதும் அங்கேதான்.

காலையில் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? இரவில் நீங்கள் லேப்டாப்பை அணைத்துவிடுகிறீர்கள். விண்டோஸின் பராமரிப்பு வேலைகளுக்கு இயல்பாகக் குறிக்கப்பட்டிருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த வேலைகள் அடுத்து ஆன் செய்யும் வேளைக்குத் தள்ளிப்போகும். விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டரின் புதிய வைரஸ் பட்டியல், விட்டுப்போன ஸ்கேன் எல்லாம் உங்கள் முதல் காபியோடு சேர்ந்து வந்து நிற்கின்றன. ஒருமுறை சோதித்து, அதன்பின் மாறாத கோப்பைத் திரும்பத் திரும்பச் சோதிக்காமலிருக்க ஆன்டிவைரஸ்கள் குறித்துவைத்துக்கொள்ளும். புதிய பட்டியல் வந்தபின் பொதுவாக அந்தக் குறிப்பு பழையதாகிவிடும், மறுபடி பார்க்க வேண்டும். அதனால்தான் நேற்று மாலை சட்டென்று திறந்த டேலி இன்று காலை அசைய மறுக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நாளைக் காலை நீங்களே பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மேலே சிபியூ (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று விழுக்காடுகள் இருக்கும். டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டு, சிபியூ முப்பது நாற்பதில் ஆடிக்கொண்டிருந்தால் குற்றவாளி டிஸ்க். மெமரி 85-ஐத் தாண்டி நின்றால் ரேமும் கூட்டாளி. சிபியூ 100 காட்டி, டிஸ்க் பத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே கடைக்காரர் சொன்னது முழு உண்மை, அப்போது புதிய பிராசசரைப் பற்றி யோசிக்கலாம். உங்களுடைய லேப்டாப்பில் முதலாவதுதான் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே 256 ஜிபியோ 500 ஜிபியோ ஒரு 2.5 அங்குல சேட்டா எஸ்எஸ்டி வாங்கி, இருக்கிற ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் போடச் சொல்லுங்கள். ரேமைப் பொறுத்தவரை, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்று காட்டும். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் மொத்தம் 8 ஜிபி ஆக்குங்கள். என்4020-க்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பே 8 ஜிபிதான். "16 போட்டால் பறக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். ரேம், எஸ்எஸ்டி விலை இப்போது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டு கடையிலாவது கேளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியே முதலில்.

எஸ்எஸ்டி போட்ட பிறகு ஒரு விஷயம் நடக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் ஓடும்போது சிபியூ விழுக்காடு இப்போதைவிட அதிகமாகத் தெரியும். இதுவரை டிஸ்க்குக்காகக் காத்துக்கிடந்த பிராசசர், இனி காத்திருக்காமல் வேலை செய்யும், அவ்வளவுதான். ஸ்கேன் சீக்கிரம் முடிந்துவிடும். என்4020 ஒரு 6 வாட் பிராசசர், அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 2.8 வரை போகும். அதை மெதுவான பிராசசர் என்றுதான் நானும் சொல்வேன். பிரவுசரில் இருபது டேப் திறந்துவைத்து வேலை பார்க்கும் ஆளுக்கு இது சரிப்படாது. டேலிக்கும் ரிட்டர்ன் தாக்கலுக்கும் தாங்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வாங்கும்போது கடையில் போட்டுக்கொடுத்த இலவச சோதனை ஆன்டிவைரஸ் ஏதாவது காலாவதியாகி உள்ளே கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுதாக அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். டிஃபெண்டர் ஒன்று போதும். இரண்டு காவல்கள் ஒரே கோப்பை இடைமறித்தால் எந்த பிராசசரும் தாங்காது. மதியம் சாப்பிடப் போகும்போது சார்ஜரில் போட்டு, லேப்டாப்பை மூடாமல் விட்டுப் போங்கள், தள்ளிப்போன வேலைகளை அது முடித்துக்கொள்ளும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று உங்களுக்கு நெருக்கடி நாட்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய நாளே ஒரு குயிக் ஸ்கேனும் அப்டேட்டும் முடித்துவைத்துவிட்டால் அன்றைக்குத் தொந்தரவு இருக்காது.

டேலியின் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் டிஃபெண்டரின் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கலாம். அதில் கணக்குத் தரவு மட்டும்தான் இருக்கிறது, ஓடக்கூடிய புரோகிராம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருபோதும் விலக்கக் கூடாது, முழு சி டிரைவையும் கூடாது. உங்கள் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஜிப் கோப்பும், 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் மெயிலில் வருவதும் வந்து விழுகிற இடம் டவுன்லோட்ஸ்தான். ஆபத்து உள்ளே வரும் வாசலே அது.

ஆன்டிவைரஸை நிறுத்தித் தருகிறேன் என்று சொன்னார்களே, அதைப் பற்றி. உங்களிடம் இருப்பது உங்கள் கணக்கு மட்டும் இல்லை. இருபதோ முப்பதோ கடைகளின் கொள்முதல், விற்பனை, ஜிஎஸ்டி லாகின், பாஸ்வேர்டு எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில் இருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒன்று வந்து அத்தனையையும் பூட்டிவிட்டால் அந்தக் கடைக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். காலையில் மிச்சமாகும் கொஞ்ச நேரத்துக்காக இதைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று சொல்கிற எந்த இலவச மென்பொருளும், கிராக் செய்த எதுவும், உங்கள் லேப்டாப்புக்குள் வரவே கூடாது. டேலி பேக்கப்பை வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

அண்ணனின் டெஸ்க்டாப் வேகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஐ3-6100 இரண்டு கோர்தான், ஆனால் நான்கு த்ரெட், 3.7 கிகாஹெர்ட்ஸ். டூயல் கோர் என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு கணினிகளுமே போதும். ஆனால் வேலையை அங்கே மாற்ற வேண்டாம். அது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் வரிசை ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அண்ணனின் கணினியில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். யாராவது குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு உண்டு, இதுவும் பின்னணியில்தான் ஓடுகிறது. அதற்குத் தேவையான வன்பொருள் வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. ஆறாம் தலைமுறையில் அதை மென்பொருளால் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் வேகம் கூடுதலாக அடிபடும். உங்கள் மெதுவான என்4020, மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது. பணமும் கணக்கும் புழங்கும் வேலைக்கு அதுவே பாதுகாப்பானது.

மகளுக்கு டூயல் கோர் வாங்க வேண்டாம். விண்டோஸ் 11-க்கு இரண்டு கோர் என்பது குறைந்தபட்சத் தகுதி. நான்கு ஆண்டு படிக்கப்போகிறவளுக்குக் குறைந்தபட்சத்தில் தொடங்குவது சரியில்லை. வீடியோ வகுப்பு, பிரவுசர், பின்னணியில் பாதுகாப்பு எல்லாம் ஒன்றாக ஓடும்போது நான்கு கோர் நிம்மதி தரும். இன்று அதற்குப் பெரிய விலையும் இல்லை. ஐ3-1215யூவில் ஆறு கோர், ஐ3-என்305-இல் எட்டு. ரைசன் 3 7320யூவில் நான்கு கோர், எட்டு த்ரெட், ஆனால் அதில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் வாங்கும்போதே 8 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். எதை வாங்கினாலும் எஸ்எஸ்டி இருக்க வேண்டும். விலை குறைந்த சிலவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 ஜிபி அல்லது 128 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவான சேமிப்பு சிப் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு விண்டோஸ் அப்டேட்டிலேயே இடம் நெருக்கும்.

எஸ்எஸ்டி மாற்றக் கொடுக்கும் முன் டேலி பேக்கப்பும் டிஜிட்டல் கையெழுத்து தொடர்பான கோப்புகளும் உங்கள் கையில் தனியாக இருக்கட்டும். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது, டிஸ்க் மாற்றினால் புதிதாக வாங்க வேண்டியதில்லை, அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது.